அந்த நாற்பது நொடி அமைதி: ஒலியைக் கேட்டால் காது இரைச்சல் நிற்குமா?

கேள்வி: எனக்கு வயது 49. மூன்று வருடமாக இரண்டு காதிலும் ‘கீஈஈ’ என்று விடாமல் ஒரு சத்தம். இஎன்டி டாக்டர் பார்த்தார், ஸ்கேனும் எடுத்தார். கீச்சுக் குரல் மாதிரியான சத்தங்கள் கொஞ்சம் குறைவாகக் கேட்கின்றன, மற்றபடி ஒன்றும் இல்லை, பழகிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். போன மாதம் போனில் ஒரு ஆடியோ கிடைத்தது. ஒரு நிமிடம் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓடுகிறது, அவ்வளவுதான். அது முடிந்ததும் என் காதுச் சத்தம் சுத்தமாக நின்றுபோனது. நாற்பது நொடி இருக்கும். மூன்று வருடத்தில் முதல் அமைதி. அழுதுவிட்டேன். பிறகு மெல்லத் திரும்பி வந்துவிட்டது. இப்போது ஒரு நாளைக்கு இருபது, முப்பது முறை கேட்கிறேன். முதல் நாள் மாதிரி வேலை செய்வதில்லை, அதனால் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போகிறேன். தொடர்ந்து கேட்டால் ஒருநாள் நிரந்தரமாக நின்றுவிடுமா? காதுக்குக் கெடுதலா? நிறுத்துங்கள் என்கிறாள் மனைவி. எனக்கு மனம் வரவில்லை. (பெயர் வேண்டாம்)

பதில்:

வணக்கம். ‘அழுதுவிட்டேன்’ என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள், நான் அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் செவித்திறன் நிபுணராக நான் வேலை செய்யும் அறையில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒலி புகாத சின்ன அறையில் ஒருவரை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, அவருடைய இரைச்சலுக்குப் பக்கத்தில் வரும் ஒரு ஒலியை அறுபது நொடி கொடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்துவோம். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஸ்டாப்வாட்சோடு இருப்பேன், சத்தம் திரும்பி வந்ததும் கையைத் தூக்குங்கள் என்று சொல்லியிருப்பேன். நிறுத்திய மறு நொடி அந்த முகம் மாறும். புருவம் இறங்கும், தோள் தளரும், சிலர் ஹெட்போனைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள், ஏதாவது பழுதாகிவிட்டதோ என்று. பத்து வருட இரைச்சல்காரர் ஒருவர் கையைத் தூக்கவே மறந்துபோனார். நான் கதவைத் திறந்து கேட்டபோது, ‘எப்பவோ வந்துடுச்சு மேடம், ஆனா அது போனதை நினைச்சிட்டு உட்கார்ந்திருந்தேன்’ என்றார்.

ஆக, உங்களுக்கு நடந்தது பிரமை இல்லை. அதற்கு ரெசிடுவல் இன்ஹிபிஷன் என்று பெயர். வெளியே கொடுத்த ஒலி நின்ற பிறகும் அதன் தாக்கம் கொஞ்ச நேரம் மிச்சமிருந்து உள்ளே இருக்கும் இரைச்சலை அடக்கி வைக்கிறது, அவ்வளவுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். இரைச்சல் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு, சரியான ஒலி கிடைத்தால், இது ஓரளவாவது வரும். சிலருக்கு முழுதாக நிற்கும், சிலருக்குப் பாதியாகக் குறையும், சிலருக்கு ஒன்றுமே நடக்காது. நேரமும் அப்படித்தான், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள், சிலருக்குச் சில நிமிடங்கள், அதற்கு மேல் நீடிப்பவர்கள் குறைவு. உங்கள் நாற்பது நொடி நான் வழக்கமாகப் பார்க்கும் அளவுதான்.

நீங்கள் கேட்டவற்றுக்கு நேரடியாக: தொடர்ந்து கேட்டால் நிரந்தரமாக நிற்குமா என்றால், நிற்காது. காதுக்குக் கெடுதலா என்றால், அளவான வால்யூமில் கெடுதல் இல்லை, ஆனால் நீங்கள் இப்போது செய்யும் விதத்தில், வால்யூமைக் கூட்டிக்கொண்டே முப்பது முறை என்பது, நிச்சயம் கெடுதல். உங்கள் மனைவி சொல்வது பாதி சரி. முழுதாக விட வேண்டாம், ஆனால் இன்றைக்கே மாற்ற வேண்டும். எப்படி என்று சொல்வதற்கு முன் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் வால்யூம் பொத்தானிலிருந்து கை விலகும்.

உள்காதில் நத்தைக்கூடு மாதிரி சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது, காக்ளியா என்பார்கள். அதில் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் உள்வரிசை மயிர்ச்செல்கள் ஏறக்குறைய 3,500, அதற்குத் துணையாக வெளிவரிசையில் சுமார் 12,000. வயதாலும் சத்தத்தாலும் முதலில் அடிபடுவது குழாயின் வாசல் பக்கம், அதாவது கீச்சென்ற உயர் அதிர்வெண்களைக் கேட்கும் பகுதி. உங்கள் டாக்டர் சொன்னதும் அதுதான். ஒரு பகுதியிலிருந்து செய்தி குறைந்துபோனால் மூளையின் கேட்கும் பாதை சும்மா இருப்பதில்லை, வராத செய்திக்காகத் தன் உள்வாங்கும் திறனைக் கூட்டிக்கொள்கிறது, கூட்டும்போது நரம்புகள் தாங்களாகவே போட்டுக்கொண்டிருக்கும் சின்னச் சின்னத் துடிப்புகளும் பெரிதாகிவிடுகின்றன. பெரும்பாலான நாள்பட்ட இரைச்சலுக்கு இன்று நாங்கள் சொல்லும் விளக்கம் இது. சத்தம் காதில் கேட்பது போல இருந்தாலும் அது உருவாகும் இடம் மேலே, பாதையில். இரைச்சலின் சுருதி பெரும்பாலும் கேட்கும் திறன் குறைந்த அதே பகுதியில் வந்து விழுவதும் இதனால்தான்.

இப்போது அந்தப் பட்டினி கிடந்த பகுதிக்கு ஒரு நிமிடம் ஒலி கொடுக்கிறீர்கள். நரம்புகளுக்கு வேலை கிடைக்கிறது. ஒலி நின்றதும் அவை உடனே பழைய துடிப்புக்குத் திரும்பிவிடாமல் சற்று நேரம் அடங்கிக் கிடக்கின்றன. எலிகளில் நடுமூளையின் கேட்கும் நரம்பணுக்களைப் பதிவு செய்து பார்த்தபோதும், ஒலி நின்ற பிறகு அவற்றின் தன்னிச்சையான துடிப்பு கொஞ்ச நேரம் அடங்கியிருப்பது தெரிந்திருக்கிறது. கேட்கும் திறன் குறைந்த பகுதியைச் சேர்ந்த ஒலியைக் கொடுத்தால்தான் இந்த அடக்கம் நன்றாக வருகிறது என்பதும் மனிதர்களில் பார்த்த விஷயம். அடக்கம் தீர்ந்ததும் பழைய நிலை. ஏனென்றால் மயிர்ச்செல் திரும்பி முளைக்கவில்லை, அந்தப் பகுதிக்கு வரும் செய்தி அதே குறைந்த அளவில்தான் இருக்கிறது. முப்பது முறை கேட்டாலும் முந்நூறு முறை கேட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

இது புதிய கண்டுபிடிப்பு என்று அந்த ஆடியோவில் போட்டிருந்தால் நம்பாதீர்கள். அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க நூல் ஒன்றிலேயே, காதில் ரீங்காரம் இருக்கும்போது வெளியே சத்தம் எழுப்பினால் அது ஏன் நின்றுவிடுகிறது என்று ஒரு கேள்வி இருக்கிறது. பெரிய ஒலி சின்ன ஒலியை விரட்டுவதாலா என்று அங்கேயே ஒரு ஊகமும் இருக்கிறது. பிரான்ஸில் இட்டார் என்ற மருத்துவர் 1821இல் எழுதிய காது நோய்ப் புத்தகத்தில், இரைச்சல்காரர்கள் கணப்படுப்பில் விறகு எரியும் சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்கிறார், ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலாக இருந்தால் ஈர விறகைப் போட்டு எரியுங்கள் என்பது வரைக்கும் போகிறார். சுருதிக்கு ஏற்ற ஒலி வேண்டும் என்ற எங்கள் இன்றைய பேச்சு அவரிடமே இருக்கிறது பாருங்கள், எனக்கு அது எப்போதும் ஆச்சரியம்தான். 1970களில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில், இரைச்சலால் அவதிப்பட்ட ஒரு மருத்துவர் ஊருக்கு நடுவே இருந்த செயற்கை நீரூற்றுப் பக்கம் நின்றபோது தன் காதுச் சத்தம் கேட்கவில்லை என்று சொல்ல, கூட இருந்த ஜாக் வெர்னான் என்ற ஆய்வாளர் அதைப் பிடித்துக்கொண்டு காதில் மாட்டிக்கொண்டால் ஒலி கொடுத்து இரைச்சலை மறைக்கும் மாஸ்கர் கருவிகள் வரைக்கும் கொண்டுபோனார். அதற்குக் கொஞ்சம் முன்பே, 1971இல், ஜெர்மனியின் ஃபெல்ட்மன் என்ற ஆய்வாளர் எந்த ஒலி எந்த இரைச்சலை மறைக்கிறது என்று முறையாக அளந்திருந்தார். அவர் கண்டதில் ஒன்று முக்கியம்: சிலருக்கு இரைச்சல் இல்லாத எதிர்க் காதில் ஒலி கொடுத்தாலும் இரைச்சல் மறைகிறது. காதுக்குள் நிஜமாக ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தால் இப்படி நடக்காது.

சரி, முதல் நாள் வேலை செய்த மாதிரி இப்போது ஏன் இல்லை? இதற்கு மருத்துவக் காரணம் ஒன்று, மனசுக் காரணம் ஒன்று.

முதலாவது வால்யூம். சத்தம் கூடினால் அடக்கமும் கூடும் என்பது ஓரளவு உண்மை, அதனால்தான் கை அந்தப் பக்கம் போகிறது. ஆனால் ஏற்கெனவே அடிபட்டிருக்கும் மயிர்ச்செல்களையே திரும்பவும் அதே உயர் சுருதி ஒலியால் ஓங்கி அடிக்கிறீர்கள். பலத்த சத்தத்துக்குப் பிறகு காது தற்காலிகமாக மந்தமாகும், மந்தமானால் இரைச்சல் எடுப்பாகத் தெரியும், எடுப்பாகத் தெரிந்தால் இன்னும் வால்யூம். போன் இயர்போனை முழு வால்யூமில் வைத்தால் 100 டெசிபலை எட்டவும் கூடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம். உங்கள் காதுக்கு உயர் சுருதி ஒலி மந்தமாகக் கேட்பதால் ‘அவ்வளவு சத்தமாக இல்லையே’ என்று தோன்றும், அதை நம்பி அளவை முடிவு செய்யக் கூடாது.

இரண்டாவதுதான் எனக்குக் கவலையான விஷயம். முதல் நாள் அந்த அமைதி உங்களுக்குத் தெரியாமல் வந்தது. இப்போது ஆடியோ முடியும்போது என்ன செய்கிறீர்கள் என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ‘போய்விட்டதா? எங்கே? லேசாக இருக்கிறதோ? வந்துவிட்டதோ?’ என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டு அந்த நாற்பது நொடியும் அதையேதான் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒரு நாளைக்கு முப்பது முறை, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்கு மேல், மூளைக்கு நீங்கள் கொடுக்கும் பயிற்சி இதுதான்: இந்தச் சத்தம் முக்கியம், இதைக் கண்காணி, இது திரும்பி வருவது கெட்ட செய்தி. போதாக்குறைக்கு ஒவ்வொரு முறையும் அது திரும்பி வரும்போது ஒரு ஏமாற்றம். முப்பது ஏமாற்றத்தோடு இரவு படுத்தால் தூக்கம் எங்கிருந்து வரும்?

இரைச்சல் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதற்கும் அது எவ்வளவு வதைக்கிறது என்பதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு, இதைப் பலர் நம்ப மறுப்பார்கள். வெளி ஒலியோடு ஒப்பிட்டு அளந்து பார்த்தால், பெரும்பாலானோரின் இரைச்சல் அந்தச் சுருதியில் அவர்களுக்குக் கேட்கத் தொடங்கும் அளவுக்கு மேல் ஏறக்குறைய 10 டெசிபலுக்குள்தான் வரும், ஒரு கிசுகிசுப்பு அளவு. அதே கிசுகிசுப்போடு ஒருவர் நிம்மதியாக வேலை பார்க்கிறார், இன்னொருவர் வேலையையே விடுகிறார். 1990இல் யாஸ்ட்ரபாஃப் என்ற ஆய்வாளர் முன்வைத்த விளக்கமும் இந்த இடத்தைத்தான் தொடுகிறது: கேட்கும் பாதையில் ஒரு சின்னச் செய்தி, அதை ஆபத்து என்று முத்திரை குத்தும் உணர்ச்சிப் பகுதி, அதற்கு உடம்பு காட்டும் படபடப்பு, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் நோய். செய்தியை நிரந்தரமாக நிறுத்த இன்று வழியில்லை, முத்திரையையும் படபடப்பையும் கழற்ற வழி இருக்கிறது. அந்த வழியிலும் ஒலிக்கு வேலை இருக்கிறது, ஆனால் நீங்கள் கொடுத்திருக்கும் வேலை வேறு.

இனி எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். இன்றைக்கு ஒரு நாள், இரண்டு நாள், அந்த ஆடியோவை முழுதாக ஓய்வில் விடுங்கள், காது தெளியட்டும். அதன் பிறகு ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். ஒரு முறைக்கு அறுபது நொடி போதும், நாங்களும் சோதனையில் அதுதான் கொடுக்கிறோம், நிமிடத்தைக் கூட்டினால் பலன் அதே விகிதத்தில் கூடாது. வால்யூமைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கி மெல்ல ஏற்றுங்கள், எந்த இடத்தில் உங்கள் ‘கீ’ மறைகிறதோ அங்கே நின்று, அதற்கு மேல் ஒரு சின்னப் படி, அவ்வளவுதான். சோதனை அறையில் நாங்கள் வைப்பது மறையும் அளவுக்கு மேல் 10 டெசிபல். வீட்டில் உங்களிடம் அளவுகோல் இல்லை என்பதால் வேறு ஒரு அடையாளம் தருகிறேன்: ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போது, கை நீட்டும் தூரத்தில் இருக்கும் உங்கள் மனைவி சாதாரணக் குரலில் பேசினால் என்ன சொல்கிறார் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். புரியவில்லையா, வால்யூம் அதிகம். அந்த வால்யூமுக்குள் இரைச்சல் மறையவில்லை என்றால் அந்த ஒலி உங்களுக்குச் சரியில்லை என்று அர்த்தம், ஒலியை மாற்றுங்கள், வால்யூமைத் தொடாதீர்கள்.

ஒலியை மாற்றுவது எப்படி? இங்கேதான் ஆளாளுக்கு வித்தியாசம். உங்கள் ஆடியோவில் இருப்பது எல்லா அதிர்வெண்ணும் கலந்த வெண்ணிரைச்சலாக இருக்கலாம். அதைவிட உங்கள் சுருதியைச் சுற்றி மட்டும் இருக்கும் குறுகிய பட்டை இரைச்சல் குறைந்த வால்யூமிலேயே வேலை செய்யும், காதுக்கும் இதம். அதற்கு உங்கள் சுருதி தெரிய வேண்டும். போனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, மிகக் குறைந்த வால்யூமில் 1000 ஹெர்ட்ஸில் தொடங்கி 2000, 3000, 4000 என்று ஏறுங்கள். ‘இது என்னுடையதைவிடத் தடியாக இருக்கிறது’, ‘இது மெல்லிசு’ என்று இரண்டு பக்கமும் போய் வந்து நடுவில் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை, பலரும் இதில் ஒரு ஸ்தாயி தவறிவிடுகிறார்கள், 6000 என்பதை 3000 என்று சொல்லிவிடுவார்கள், சங்கீதத்தில் மேல் ஸட்ஜமும் கீழ் ஸட்ஜமும் ஒன்று போலத் தோன்றும் அல்லவா, அது மாதிரி. அதனால் ஒரு எண் கிடைத்ததும் அதன் இரண்டு மடங்கையும் பாதியையும் கேட்டு உறுதி செய்யுங்கள். மூன்று வெவ்வேறு நாளில் பாருங்கள், எண் கொஞ்சம் ஆடும், அது இயல்பு. சீரான ஒரே ஒலிக்குப் பதிலாக, விநாடிக்குச் சில முறை ஏறி இறங்கும் ஒலியைச் சிலர் நன்றாகத் தாங்குகிறார்கள், அதையும் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

இந்தத் தேடலை வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். தினமும் உட்கார்ந்து தன் இரைச்சலை அளந்துகொண்டிருப்பதும் அதே கண்காணிப்புதான்.

கேட்டு முடித்த பிறகு என்ன செய்வது என்பதுதான் நான் இதில் முக்கியமாக நினைப்பது. கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்காதீர்கள். அறுபது நொடி முடியும்போது கையில் ஏதாவது வேலை இருக்கட்டும், படிக்க வேண்டிய பக்கம் விரித்து வைத்திருக்கட்டும், பேச வேண்டியவரிடம் பேசத் தொடங்குங்கள். அமைதி நாற்பது நொடியோ இருபது நொடியோ, அது பாட்டுக்கு வந்து போகட்டும். திரும்பி வந்ததை நீங்கள் கவனிக்காமல் விட்ட நாள்தான் நல்ல நாள். கவலையான ஒரு போன் பேசுவதற்கு முன், மனம் குவிய வேண்டிய ஒரு வேலைக்கு முன், இரைச்சல் தலைக்கேறி ‘இதற்கு மேல் முடியாது’ என்று தோன்றும் நேரத்தில், இப்படி இடம் பார்த்துப் பயன்படுத்துங்கள். அந்த ஒரு நிமிடம் படபடப்பைத் தணிக்க உதவினால் அதுவே அதன் முழுப் பயன்.

சிலருக்கு ஒலி நின்றதும் இரைச்சல் குறைவதற்குப் பதிலாகக் கூடும். ஒருமுறை அப்படி நடந்தால் ஒலியை மாற்றிப் பாருங்கள், மறுபடியும் நடந்தால் இந்த முறையை விட்டுவிடுங்கள். சாதாரணப் பாத்திரச் சத்தம், கதவு சாத்தும் சத்தமே உங்களுக்குக் கூர்மையாகக் குத்துகிறது என்றால், அது ஒலி தாங்காமை என்ற தனிப் பிரச்சினை, இருந்தால் வீட்டில் எதுவும் முயலாமல் நேரில் வந்து பாருங்கள்.

இந்த ஒரு நிமிட விஷயம் இவ்வளவுதான். மற்ற இருபத்துமூன்று சொச்ச மணி நேரத்துக்குத்தான் உங்களுக்கு ஒலி தேவை. அங்கே தேவைப்படுவது அடக்கும் ஒலி இல்லை, கூட இருக்கும் ஒலி. மழைச் சத்தம், ஓடும் நீர், மின்விசிறி, மெல்லிய இரைச்சல், எது உங்களுக்குப் பிடித்து, எதை மனம் சீக்கிரம் மறக்கிறதோ அது. அளவு என்னவென்றால், இரைச்சல் மறையக் கூடாது. ஆமாம், மறையக் கூடாது என்றுதான் சொல்கிறேன். வெளி ஒலியும் உங்கள் ‘கீ’யும் இரண்டும் கேட்க வேண்டும், இரண்டும் கலக்கத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். முழுதாக மறைத்துவிட்டால் மூளைக்கு அதோடு இருந்து பழகச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை. இருட்டறையில் ஒரு மெழுகுவர்த்தி கண்ணைப் பறிக்கும், அதே அறையில் சின்ன விளக்கு ஒன்று எரிந்தால் மெழுகுவர்த்தியின் வெளிச்சம் குறையாவிட்டாலும் கண் அதையே வெறிப்பதில்லை. அந்தச் சின்ன விளக்குதான் இந்தப் பின்னணி ஒலி.

அமைதியைத் தேடிப் போகாதீர்கள், இது உங்களுக்கு விசித்திரமாகப் படலாம். 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், காதில் எந்தக் குறையும் சொல்லாத 80 பேரை ஒவ்வொருவராக ஒலி புகாத அறையில் சில நிமிடம் உட்கார வைத்துக் கேட்டபோது 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு ரீங்காரம் கேட்பதாகச் சொன்னார்கள். முழு நிசப்தத்தில் யாருடைய மூளையும் வால்யூமைக் கூட்டிவிடும். இரைச்சல் உள்ளவர்கள் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு தூங்கப் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும், எதை வேண்டாம் என்கிறார்களோ அதற்கே மேடை போட்டுக் கொடுக்கிறார்கள். காதடைப்பான் உண்மையிலேயே பலத்த சத்தம் உள்ள இடத்துக்கு மட்டும்தான். இரவில் கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன ஸ்பீக்கரில், இயர்போன் இல்லாமல், மெல்லிய ஒலி விடியும் வரை ஓடட்டும். டைமர் போட்டு நிறுத்தினால் நடு ராத்திரியில் விழிப்பு வரும்போது அந்தத் திடீர் நிசப்தத்தில் இரைச்சல்தான் முதலில் வந்து நிற்கும். மனைவிக்குத் தொந்தரவு என்றால் தலையணைக்கடியில் வைக்கும் தட்டையான ஸ்பீக்கர்கள் உண்டு.

அடுத்து, நீங்கள் கடிதத்தில் கேட்காத ஒன்று, காது மெஷின். உயர் சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன் முன்பே குறைந்திருக்கிறது, அதன் பிறகு ஆடியோகிராம், அதாவது எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை, எடுத்ததாக எழுதவில்லை. மறுபடியும் எடுங்கள். குறைவு இருந்தால், பொருத்தமாக டியூன் செய்த ஹியரிங் எய்ட் நாள் முழுவதும் அந்தப் பட்டினிப் பகுதிக்கு ஒலி கொடுத்துக்கொண்டே இருக்கும், பேச்சின் ச, ஷ, ஃப் போன்ற மெல்லிய ஒலிகள் திரும்பக் கிடைக்கும், கேட்கத் திணறும் களைப்பு குறையும். நீங்கள் போனில் ஒரு நிமிடம் செய்வதை அது இயல்பான வால்யூமில் நாள் முழுக்கச் செய்கிறது. ‘இந்த வயதிலேயே மெஷினா’ என்று ஒரு வருடம் இழுத்தடித்துவிட்டு வந்து மாட்டிக்கொண்ட பலர், இரைச்சல் இருக்கிறது ஆனால் பின்னால் போய்விட்டது என்கிறார்கள். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் கேட்கும் திறன் குறைந்தவருக்கு நான் முதலில் முயலச் சொல்வது இதைத்தான்.

‘பழகிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி அனுப்பியதில் எனக்கும் வருத்தம் உண்டு. சொன்னது தவறில்லை, எப்படிப் பழகுவது என்று சொல்லாமல் விட்டதுதான் தவறு. அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, சிபிடி என்பார்கள், நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தரும் பேச்சு வழிச் சிகிச்சை, இரைச்சல் வாழ்க்கையைக் கெடுக்கும் அளவைக் குறைக்க உதவுகிறது என்பதற்கு மற்ற எதையும்விட நல்ல ஆதாரம் இருக்கிறது, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பும் 2020இல் 28 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, அது உதவக்கூடும் என்றது. அதே காக்ரேன் 2018இல் ஒலிக் கருவிகளைப் பற்றி 8 ஆய்வுகள், 590 பேரை வைத்துப் பார்த்தபோது, ஒரு கருவி இன்னொன்றைவிட மேல் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. அதனால் விலை உயர்ந்த ‘ஸ்பெஷல் அதிர்வெண்’ எதையும் யார் விற்றாலும் வாங்காதீர்கள். ஜிங்கோ என்ற மூலிகை, துத்தநாகம், தூக்கத்துக்கு எடுக்கும் மெலடோனின் ஆகிய மாத்திரைகளை இரைச்சலுக்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்க இஎன்டி மருத்துவர்களின் 2014 வழிகாட்டுதலே சொல்கிறது. நாக்கில் மெல்லிய மின்தூண்டலும் காதில் ஒலியும் சேர்த்துத் தரும் ஒரு கருவிக்கு 2023இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்திருக்கிறது, அது பல வாரம் நிபுணர் மேற்பார்வையில் செய்வது, போன் ஆடியோவோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சில விஷயங்கள் இருந்தால் இந்தப் பதிலை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்: இரைச்சல் ஒரே காதில் மட்டும் இருப்பது, நாடித்துடிப்போடு சேர்ந்து ‘துப் துப்’ என்று அடிப்பது, தலைசுற்றல், முகம் மரத்துப்போதல். ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளில் மந்தமானால் அன்றைக்கே போக வேண்டும், அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சைக்கு நாள் கணக்கு முக்கியம். அதிக அளவு ஆஸ்பிரின், சில ஆன்டிபயாடிக், சில புற்றுநோய் மருந்துகள் இரைச்சலைத் தூண்டக்கூடியவை, நீங்கள் தொடர்ந்து எடுக்கும் மருந்துகளின் பட்டியலை டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். இரைச்சலோடு மனம் உடைந்து, வாழவே வேண்டாம் என்ற நினைப்பு எப்போதாவது வந்தால் அதை மனைவியிடமும் ஒரு மனநல மருத்துவரிடமும் அன்றே சொல்லிவிடுங்கள். அப்படி நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்று இல்லை, மூன்று வருடம் என்பது நீண்ட காலம், அதனால் சொன்னேன்.

இன்னொன்று, பல்லை இறுக்கிக் கடித்தால், தாடையை முன்னால் தள்ளினால், கழுத்தைத் திருப்பினால் உங்கள் இரைச்சல் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் தாடைக்கும் கழுத்துக்கும் செய்யும் பிசியோதெரபியும் உதவக்கூடும்.

புதிய ஆடியோகிராம் எடுத்ததும் எனக்கு எழுதுங்கள். 8000 ஹெர்ட்ஸோடு நிறுத்தாமல் அதற்கு மேலும் சோதிக்க வசதி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், பலருக்குக் குறைவு அங்கேதான் தொடங்குகிறது. டோன் ஜெனரேட்டரில் மூன்று நாள் கிடைத்த மூன்று எண்களையும், எந்த ஒலிக்கு இரைச்சல் அடங்கியது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். எத்தனை நொடி அடங்கியது என்று மட்டும் எண்ண வேண்டாம்.